லத்தீனோ எழுத்தாளர்களோட புக்கை கிறிஸ்மஸ் கிஃப்டா குடுக்கறது எப்படி

ஹூஸ்டன்ல எங்க தெருவுல டிசம்பர் பொறந்தாச்சுன்னா எதிர்வீட்லேர்ந்து ஃபாயில் சுத்தின பெரிய பொட்டலம் ஒண்ணு வந்துடும், பிரிச்சா ஆவி பறக்க ரெண்டு டஜன் தமாலேஸ், சோளத் தோல்ல மாவும் கறியும் வச்சு மடிச்சு வேக வச்சது. தீபாவளிக்கு நாங்க முறுக்கும் ரிப்பன் பக்கோடாவும் போட்டுக் குடுத்த அதே டப்பா, அதுலயே சல்சாவும் ஊத்தி அனுப்பிடுவாங்க, வெறும் பாத்திரமா திருப்பித் தர்ற பழக்கம் அவங்களுக்கும் கிடையாது போல. சரி இவங்களுக்கு கிறிஸ்மஸுக்கு நாம என்ன குடுக்கறதுன்னு முதல் ரெண்டு வருஷம் கேண்டில், சாக்லேட் டப்பான்னு ஓட்டினேன், அப்புறம் புக்குக்கு மாறிட்டேன், அதுவும் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி அமெரிக்கர்கள்) எழுத்தாளர்கள் எழுதினதா தேடிப் பாத்து. இப்ப ஆஃபீஸ், பசங்க ஸ்கூல், நம்ம தமிழ் ஃப்ரெண்ட்ஸ் வீடு எல்லாத்துக்குமே இதுதான். இத்தனை வருஷத்துல கத்துக்கிட்டதை சொல்றேன், இந்த டிசம்பர்ல யாருக்காவது உதவும்.

ஏன் டிசம்பர்? அமெரிக்கால 2020 சென்ஸஸ் படி 6 கோடியே 21 லட்சம் பேர் லத்தீனோ, அஞ்சுல ஒருத்தர்னு வச்சுக்கலாம். ஆனா புக் கடைல செப்டம்பர் 15லேர்ந்து அக்டோபர் 15 வரைக்கும் ஹிஸ்பானிக் ஹெரிடேஜ் மாசம்னு ஒரு டேபிள் போட்டு அடுக்குவாங்க, அது முடிஞ்சதும் அந்த டேபிள்ல கிறிஸ்மஸ் கிஃப்ட் புக்ஸ் வந்துடும், இவங்க புக்கெல்லாம் பின்னாடி ஷெல்ஃபுக்கு போயிடும். ஜனங்க கையில காசை வச்சுக்கிட்டு புக் வாங்க வர்ற சீசனே நவம்பர் டிசம்பர்தான். அப்ப கண்ணுல படாத புக்குக்கு நாமளா தேடிப் போய் கேட்டாதான் உண்டு.

முதல்ல ஒரு குழப்பத்தை தீர்த்துடறேன். லத்தீனோ எழுத்தாளர்னு சொன்னதும் நம்ம ஆளுங்க டக்குனு மார்க்கேஸ், நெரூதா, போர்ஹேன்னு ஆரம்பிப்பாங்க, தமிழ்லயே நிறைய மொழிபெயர்ப்பு வந்ததால நமக்கு அவங்க ரொம்ப பழக்கம். அவங்க லத்தீன் அமெரிக்க எழுத்தாளர்கள், கொலம்பியா, சிலி, அர்ஜென்டினா. நான் சொல்றது அமெரிக்காலயே பொறந்த, இல்ல இங்க வந்து குடியேறின, பெரும்பாலும் இங்கிலீஷ்லயே எழுதற எழுத்தாளர்கள். மெக்சிகன் அமெரிக்கன், புவெர்ட்டோ ரிக்கன், க்யூபன், டொமினிக்கன், சால்வடோரியன்னு இதுக்குள்ளயே அவ்வளவு வித்தியாசம் இருக்கு, தமிழன் மலையாளி பஞ்சாபின்னு இருக்கற மாதிரி. புவெர்ட்டோ ரிக்கோ குடும்பத்துக்கு மெக்சிகன் கதையை குடுத்துட்டு "உங்க ஊர் புக்"னு மட்டும் சொல்லிடாதீங்க.

அட்டைல கள்ளிச்செடியும் எல்லை வேலியும் இருந்தா எழுதினவர் லத்தீனோன்னு அர்த்தம் இல்லங்க. 2020 ஜனவரில, மெக்சிகோலேர்ந்து எல்லை தாண்டி ஓடி வர்ற அம்மா-மகன் கதை ஒண்ணு பெரிய அட்வான்ஸ், பெரிய விளம்பரத்தோட வந்துச்சு, இதையே நாங்க வாழ்ந்து பாத்து எழுதினப்ப இந்தக் காசும் விளம்பரமும் எங்க போச்சுன்னு லத்தீனோ எழுத்தாளர்கள் கேட்டாங்க, பப்ளிஷர் புக் டூரையே கேன்சல் பண்ற அளவுக்கு போச்சு. யார் வேணா எதைப் பத்தியும் எழுதலாம், அதுல எனக்கு சண்டை இல்ல. ஆனா நம்ம காசு லத்தீனோ எழுத்தாளருக்கு போகணும்ங்கறதுதான் எண்ணம்னா பின் அட்டைல எழுதினவரைப் பத்தி இருக்கற நாலு வரியை படிச்சுட்டு வாங்குங்க, ஒரு நிமிஷம் ஆகாது.

அடுத்தது மொழி. இதுல நான் சரியா அடி வாங்கியிருக்கேன். டீம்ல கூட வேலை பாத்தவருக்கு ஸ்பானிஷ் குடும்பப் பேரு, வீட்ல ஸ்பானிஷ்தான் பேசுவார்னு நானே முடிவு பண்ணி ஸ்பானிஷ் நாவல் ஒண்ணு ஆர்டர் பண்ணி, அழகா பேக் பண்ணி குடுத்தேன். பிரிச்சுப் பாத்தவர் முகம் ஒரு நிமிஷம் மாறிடுச்சு, அப்புறம் மெதுவா சொன்னார், எங்கப்பா படிச்ச காலத்துல ஸ்கூல்ல ஸ்பானிஷ் பேசினா அடிப்பாங்க, அதனால எங்களுக்கு அவர் சொல்லியே தரல, எனக்கு படிக்க வராதுன்னு. டெக்சாஸ்ல அந்த தலைமுறைக்கு நிஜமாவே நடந்த விஷயம் அது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. அதனால கேட்டுடுங்க. "உங்க வீட்ல யார் யார் எந்த மொழில படிப்பாங்க"ன்னு சாதாரணமா பேச்சோட பேச்சா கேட்டா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. எங்க எதிர்வீட்லயே பாட்டி, அவங்க அபுவேலான்னு கூப்பிடறது, ஸ்பானிஷ் மட்டும்தான் படிப்பாங்க, அவங்க பொண்ணு ரெண்டும், பேரப்பசங்க இங்கிலீஷ் மட்டும். ஒரே வீட்டுக்கு மூணு விதமா வாங்கறேன்.

இப்ப காசு எப்படி போகுதுன்னு பாப்போம், சப்போர்ட் பண்றோம்னு சொல்றதுக்கு அர்த்தமே இதுலதான் இருக்கு. பொதுவா ஹார்ட்கவர் புக்குல அட்டை விலைல 10லேர்ந்து 15 சதவீதம் எழுத்தாளருக்கு ராயல்டி, பேப்பர்பேக்னா ஏழரை சதவீதம் மாதிரி. குழந்தைங்க படப் புக்குனா அந்த பத்து சதவீதத்தையும் எழுதினவரும் படம் போட்டவரும் பாதிப் பாதி பிரிச்சுக்கணும், 19 டாலர் புக்குல ஆளுக்கு ஒரு டாலர் கூட தேறாது. அதுவும் முன்னாடியே வாங்கின அட்வான்ஸ் கழிஞ்ச பிறகுதான் கைக்கு வரும். அந்த அட்வான்ஸ் கழியற அளவுக்கு வித்துச்சா இல்லையாங்கறதை வச்சுதான் அடுத்த புக்குக்கு பப்ளிஷர் பேசுவாங்க, அதனால ஒவ்வொரு காப்பியும் கணக்குல வருது. பழைய புக்குல எழுத்தாளருக்கு ஒரு பைசா கிடையாது. நான் எனக்குன்னு வாங்கறப்ப பழைய புக் நிறைய வாங்குவேன், ஆனா இந்த கிஃப்டுக்கு மட்டும் புதுசுதான். ஆன்லைன்ல வாங்கறப்ப விக்கறது யாருன்னு ஒரு தடவை பாத்துடுங்க, புது காப்பி பக்கத்துலயே பழைய காப்பியும் லிஸ்ட் ஆகியிருக்கும், விலை கம்மின்னு அதை அமுக்கிட்டா வேலைக்கு ஆகாது.

எங்க வாங்கறதுன்னா, நான் மொதல்ல போறது ஆர்ட்டே பூப்ளிகோ பிரஸ். இது எங்க ஊர்லயே, யூனிவர்சிட்டி ஆஃப் ஹூஸ்டன்ல இருக்கற பதிப்பகம், நிக்கோலாஸ் கனேயோஸ்ங்கறவர் 1979ல ஆரம்பிச்சது. சான்ட்ரா சிஸ்நெரோஸோட "த ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்" இன்னிக்கு அமெரிக்கா முழுக்க ஸ்கூல்ல பாடமா வைக்கறாங்க இல்லையா, அது 1984ல முதல்ல வந்தது இங்கேர்ந்துதான், பெரிய நியூயார்க் கம்பெனிக்கு போனதெல்லாம் அப்புறம். 1994லேர்ந்து பின்யாட்டா புக்ஸ்னு குழந்தைங்களுக்கும் இளைஞர்களுக்கும் தனியா ஒரு வரிசை போடறாங்க, சின்னப் பசங்க படப் புக்கு நிறைய இங்கிலீஷும் ஸ்பானிஷும் ஒரே பக்கத்துல வர்ற மாதிரி. பாட்டி ஸ்பானிஷ் பக்கம் படிக்க பேத்தி இங்கிலீஷ் பக்கம் தொடர்றதை எதிர்வீட்டு சோஃபால நானே உக்காந்து பாத்திருக்கேன், பாட்டி விரலை வச்சு ஒரு ஒரு வரியா நகர்த்த, குட்டி கொஞ்சம் முன்னாடியே ஓடிப் போய் பக்கத்தை திருப்பப் பாக்கும், பாட்டி அந்தக் கையை பிடிச்சு வச்சுக்குவாங்க. அந்த மாதிரி புக்குக்கு நிகரா வேற எந்த கிஃப்டும் எனக்கு தெரியல. பிறந்த குழந்தை இருக்கற வீடுன்னா லில் லிப்ரோஸ் கெட்டி அட்டை புக்ஸ் பாருங்க, ரெண்டு அம்மாக்கள் சேர்ந்து 2014ல ஆரம்பிச்ச கம்பெனி, மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடாவோட எண்ணறது, புரட்சி வீரர் சபாட்டாவோட கலர் கத்துக்கறதுன்னு எல்லாமே ரெண்டு மொழில. வாயில வச்சு கடிச்சாலும் தாங்கும்.

பக்கத்துல இருக்கற சின்ன புக் கடைக்கு போங்க, ஷெல்ஃப்ல இல்லன்னா இல்லன்னு திரும்பி வந்துடாதீங்க, ஸ்பெஷல் ஆர்டர் போடச் சொல்லுங்க. கடைக்காரங்களுக்கு நாலு பேர் வந்து ஒரே எழுத்தாளரை கேட்டுட்டா அடுத்த தடவை ரெண்டு காப்பி தானா எடுத்து வைப்பாங்க. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம்னா சில்மார்ல தியா சூச்சாஸ்னு ஒரு இடம் இருக்கு, லூயிஸ் ரோட்ரிகெஸ்ங்கற எழுத்தாளரும் அவர் மனைவியும் சேர்ந்து ஆரம்பிச்சது, புக் கடையும் கலை மையமும் சேர்ந்த மாதிரி. நியூயார்க்ல பிராங்க்ஸ்ல த லிட் பார், வாஷிங்டன் ஹைட்ஸ்ல வர்ட் அப். கடையே பக்கத்துல இல்லாத ஊர்னா புக்ஷாப் டாட் ஆர்க்ல வாங்கலாம், நாம பிடிச்ச கடையை தேர்ந்தெடுத்தா அதுக்கு ஒரு பங்கு போகும். டிசம்பர் முதல் வாரத்துக்குள்ள ஆர்டர் போட்டுடுங்க, சின்ன பதிப்பகம்லாம் கம்மியாதான் அச்சடிப்பாங்க, தீர்ந்துட்டா மறுபடி வர நாளாகும். முடிஞ்சவங்க நவம்பர்ல மயாமி புக் ஃபேர், இல்ல ஆஸ்டின்ல டெக்சாஸ் புக் ஃபெஸ்டிவல் போனா எழுத்தாளர்கிட்டயே கையெழுத்து வாங்கி வச்சுக்கலாம், பேரு போட்டு வாங்கறப்ப ஸ்பெல்லிங்கை பேப்பர்ல எழுதி நீட்டுங்க.

யாருக்கு எதைன்னு வருவோம். குழந்தைங்கள்லேர்ந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா இதுல மனசு நெறைய இருக்கு எனக்கு. ஹுவானா மார்ட்டினெஸ்-நீல் எழுதி அவங்களே படமும் போட்ட "ஆல்மா அண்ட் ஹவ் ஷி காட் ஹெர் நேம்" 2018ல வந்துச்சு. ஆல்மா சோஃபியா எஸ்பெரான்சா ஹோசே பூரா காந்தேலான்னு ஒரு சின்னப் பொண்ணு, என் பேரு ஏன் இவ்வளவு நீளம், பேப்பர்லயே அடங்கலையேன்னு புலம்பும், அப்பா ஒவ்வொரு பேரும் யாருடையதுன்னு கதை சொல்லுவார். இதை எதிர்வீட்டு குட்டிக்குன்னு வாங்கிட்டு வந்து பேக் பண்றதுக்கு முன்னாடி சும்மா புரட்டினா என் பொண்ணு வந்து மடில உக்காந்துட்டா. வருஷா வருஷம் ஸ்கூல் திறந்தா டீச்சர் அட்டெண்டன்ஸ்ல அவ பேர்கிட்ட வந்து ஒரு செகண்ட் நிப்பாங்க, அப்பவே அவளே கையைத் தூக்கிடுவா. படிச்சு முடிச்சதும் "என் பேர்ல யார் இருக்கா"ன்னு கேட்டா. என் பாட்டி பேரு பாதி உனக்குன்னு சொல்ல ஆரம்பிச்சு அன்னிக்கு ராத்திரி பத்தரை ஆச்சு. மறுநாளே இன்னொரு காப்பி வாங்கினேன். நம்ம தமிழ் வீட்டுப் பசங்களுக்கும் இது தாராளமா குடுக்கலாங்க, லத்தீனோ புக்குனா லத்தீனோ ஆளுக்கு மட்டும்தான் குடுக்கணும்னு இல்ல, உண்மையில மத்தவங்களும் வாங்கினாதான் வாசகர் கூட்டம் பெருகும்.

யூயி மொராலெஸோட "ட்ரீமர்ஸ்" இன்னொண்ணு. மெக்சிகோலேர்ந்து கைக்குழந்தையோட வந்த அம்மா, பாஷை தெரியாம தடுமாறிக்கிட்டு சான் ஃப்ரான்சிஸ்கோல பப்ளிக் லைப்ரரிக்குள்ள நுழையறது, அங்க புக்கெல்லாம் இலவசமா எடுத்துப் படிக்கலாம்னு நம்பவே முடியாம நிக்கறது, எல்லாம் அவங்க சொந்த வாழ்க்கை. கடைசிப் பக்கத்துல அவங்க அந்த காலத்துல படிச்சு வளர்ந்த புக்கு லிஸ்ட்டே குடுத்திருக்காங்க. "சோன்யாதோரெஸ்"னு ஸ்பானிஷ்லயும் இருக்கு. புதுசா குழந்தை பிறந்து ஊரு விட்டு வந்து தனியா இருக்கற அம்மாக்களுக்கு இதை குடுங்க, குழந்தைக்கு இல்ல, அம்மாவுக்கு.

கிறிஸ்மஸ் கதையே வேணும்னா கேரி சோட்டோவோட "டூ மெனி தமாலேஸ்", 1993லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் ஓடிக்கிட்டிருக்கு. மரியாங்கற பொண்ணு மாவு பிசையறப்ப அம்மாவோட வைர மோதிரத்தை திருட்டுத்தனமா போட்டுப் பாத்துட்டு மறந்துடுவா, அப்புறம் மோதிரம் தமாலேஸ்க்குள்ள போயிடுச்சோன்னு கஸின்ஸை கூட்டி வச்சு அத்தனையையும் தின்னச் சொல்லுவா. போன வருஷம் எதிர்வீட்ல தமாலேஸ் பண்ற அன்னிக்கு என்னையும் கூப்பிட்டாங்க, தமலாதான்னு சொல்றாங்க அதுக்கு, நம்ம வீட்ல கல்யாணத்துக்கு சீர் முறுக்கு சுத்த எல்லாரும் உக்காருவாங்களே அதே மாதிரி. ஊற வச்ச சோளத் தோலை உள்ளங்கைல விரிச்சு, வழவழப்பான பக்கம் மேல வர்ற மாதிரி வச்சு, மாசாங்கற சோள மாவை ஸ்பூன் முதுகால மெல்லிசா பரத்தி, நடுவுல கறி வச்சு மடிக்கணும். எனக்கு மாவு தடிமனா போச்சுன்னு அபுவேலா பேசாம வாங்கி வழிச்சுட்டு திருப்பிக் குடுத்தாங்க, மாமியார் வீட்ல கொழுக்கட்டைக்கு சொப்பு பண்ணின நாள் ஞாபகம் வந்துடுச்சு. அந்த வேலை நடுவுல பசங்களுக்கு இந்த புக்கை படிச்சுக் காமிச்சாங்க, அத்தனை குட்டிகளும் அவங்கவங்க அம்மா விரலை திரும்பிப் பாத்துச்சு.

இதெல்லாம் ஞாபகம் வச்சுக்க முடியலன்னா ஒரே ஒரு பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, பூரா பெல்ப்ரே. நியூயார்க் பப்ளிக் லைப்ரரில வேலைக்கு சேர்ந்த முதல் புவெர்ட்டோ ரிக்கன் லைப்ரரியன், 1921ல. தன்னோட ஊர் கதை ஒண்ணு கூட ஷெல்ஃப்ல இல்லையேன்னு தானே எழுதினாங்க, பொம்மை வச்சு ஆட்டிக் கதை சொன்னாங்க. அவங்க பேர்ல 1996லேர்ந்து லத்தீனோ குழந்தை இலக்கியத்துக்கு அவார்டு குடுக்கறாங்க, எழுதினவங்களுக்கும் படம் போட்டவங்களுக்கும் தனித்தனியா. அட்டைல அந்த மெடல் ஸ்டிக்கர் இருந்தா கண்ணை மூடிட்டு எடுக்கலாம். ரொம்ப படிக்காத பத்து வயசுப் பசங்களுக்கு "ஃப்ரிஸி" மாதிரி படக்கதை குடுங்க, சுருட்டை முடியை நேராக்கணும்னு வாரா வாரம் பார்லருக்கு இழுத்துட்டுப் போற அம்மாவும் பொண்ணும், நம்ம வீட்டு எண்ணெய் சீப்பு சண்டை அப்படியே இருக்கும். நல்லா படிக்கற பசங்களுக்கு மெக் மெதினாவோட "மெர்சி சுவாரெஸ் சேஞ்சஸ் கியர்ஸ்", குழந்தை இலக்கியத்துக்குன்னு குடுக்கற நியூபெரி மெடலை 2019ல வாங்கினது, தாத்தாவுக்கு ஞாபக மறதி வர்றதை ஒரு பொண்ணு கண்ணு வழியா சொல்லும். தாத்தா பாட்டியோட வளர்ற வீடுன்னா படிக்கற பெரியவங்களும் அழுதுடுவாங்க.

டீன் ஏஜ்னா "த பொயட் எக்ஸ்", எலிசபெத் அசெவேடோ எழுதினது, முழுக்க கவிதையாவே ஓடற நாவல், 2018 நேஷனல் புக் அவார்டு. படிக்க மாட்டேங்கற பசங்களுக்கு ஆடியோபுக்கா வாங்குங்க, அவங்களே வாசிச்சிருக்காங்க, மேடைல கவிதை சொல்ற ஆளு, அந்த வேகமே தனி. ஆடியோபுக்குக்கு லிப்ரோ டாட் எஃப்எம்ல வாங்கினா அதுலயும் நாம சொல்ற கடைக்கு பங்கு உண்டு.

பெரியவங்களுக்கு என் முதல் சாய்ஸ் ஹவியர் சமோராவோட "சோலிட்டோ". 1999ல ஒன்பது வயசுல எல் சால்வடோர்லேர்ந்து அப்பா அம்மாகிட்ட சேர தனியா, முன்ன பின்ன தெரியாத ஆளுங்களோட கிளம்பி வந்ததை பெரியவனானப்புறம் எழுதியிருக்கார், ஆனா அந்த ஒன்பது வயசுப் பையன் குரல் மாறவே மாறாது. கனமான புக்கு, இதே மாதிரி வழில வந்த குடும்பத்துக்கு பண்டிகை அன்னிக்கு நீட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க, எல்லாருக்கும் அதை திரும்ப நினைச்சுப் பாக்கணும்னு இருக்காது. கவிதை பிடிச்சவங்களுக்கு ஏடா லிமோன், 2022ல அமெரிக்காவோட பொயட் லாரியட், அதாவது நாட்டோட அதிகாரப்பூர்வ கவிஞர் ஆனவங்க, அந்த இடத்துக்கு வந்த முதல் லத்தீனா (லத்தீனோ பெண்), 2024 அக்டோபர்ல வியாழன் கிரகத்தோட நிலாவைப் பாக்கப் போன யூரோப்பா கிளிப்பர் விண்கலத்துல அவங்க கையெழுத்துலயே ஒரு கவிதை பொறிச்சிருக்கு. என்ஜினியர் ஃப்ரெண்ட்ஸுக்கு இதை சொல்லிட்டு குடுத்தா கட்டாயம் பிரிச்சுப் படிப்பாங்க. புக்கே படிக்காதவங்களுக்கு சமையல் புக்கு, கார்லா தத்தியானா வாஸ்கெஸோட "த சால்விசோல் குக்புக்" 2024ல வந்தது, எல் சால்வடோர் பெண்கள்கிட்ட உக்காந்து கேட்டு எழுதின சமையலும் அவங்க கதைகளும். ஸ்பானிஷ் மட்டும் படிக்கற பாட்டிமார்களுக்கு "த ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்"டோட ஸ்பானிஷ் பதிப்பு இருக்கு, மொழிபெயர்த்தது எலெனா போனியதோவ்ஸ்கா, மெக்சிகோலயே பெரிய எழுத்தாளர், அபுவேலா அட்டைல அந்தப் பேரைப் பாத்துட்டுதான் கண்ணாடியைத் தேடினாங்க.

பேக் பண்றதுக்கு முன்னாடி முதல் பக்கத்துல கையால எழுதுங்க. பேரு, வருஷம், ஊரு, ஏன் இந்தப் புக்கை உங்களுக்குன்னு எடுத்தேன்னு ஒரே ஒரு வரி. நான் தமிழ்லயும் ஒரு வரி எழுதிடுவேன், அவங்களுக்கு படிக்க வராதுன்னாலும் எதிர்வீட்டு குட்டி அந்த எழுத்தை விரலால வரைஞ்சு பாக்கும். ஆல்ரெடி அவங்ககிட்ட இருக்கற புக்கா இருக்குமோன்னு சந்தேகம் இருந்தா மட்டும் எழுதாம தனி கார்டுல எழுதி, கிஃப்ட் ரசீதை உள்ள வச்சுடுங்க. வெளியூருக்கு அனுப்பணும்னா போஸ்ட் ஆஃபீஸ்ல மீடியா மெயில்னு கேளுங்க, புக்குக்குன்னே கம்மி ரேட், மெதுவா போகும், ஆனா அதே பொட்டிக்குள்ள பொம்மை, ஸ்வீட், சட்டை எதுவும் சேர்த்து வைக்கக் கூடாது, அவங்க பிரிச்சுப் பாக்கலாம்.

நாள் கணக்கு ஒண்ணு சொல்லணும். நிறைய லத்தீனோ வீட்ல பெரிய கொண்டாட்டம் 24ஆம் தேதி ராத்திரி, நோச்சேபுவேனா, அன்னிக்கு ராத்திரியே கிஃப்டெல்லாம் பிரிச்சுடுவாங்க, அதனால 25 காலைல கொண்டு போய் நிக்காதீங்க, சாயங்காலமே குடுத்துடுங்க. அதையும் விட்டுட்டீங்கன்னா ஜனவரி 6 இருக்கு, குழந்தை ஏசுவைப் பாக்க வந்த மூணு ராஜாக்கள் நாள். மெக்சிகன் வீட்ல பசங்க முந்தின நாள் ராத்திரி ஷூவை வெளில எடுத்து வைப்பாங்க, புவெர்ட்டோ ரிக்கோக்காரங்க ராஜாக்களோட ஒட்டகத்துக்குன்னு ஒரு டப்பால புல்லு பறிச்சு கட்டிலுக்கு கீழ வைப்பாங்க, காலைல அங்க பரிசு இருக்கும். பசங்களோட அம்மாகிட்ட முன்னாடியே சொல்லி புக்கை அவங்க கைல குடுத்துட்டா அவங்களே ராத்திரி வச்சுடுவாங்க. படப் புக்கு ஷூவுக்குள்ள போகாது, சுவர்ல சாய்ச்சு ஷூ மேல நிக்க வைக்கச் சொல்லுங்க. அப்புறம் ஜனவரி கடைசில புது பூரா பெல்ப்ரே லிஸ்ட் வந்துடும், அன்னிக்கே ஃபோன்ல குறிச்சு வச்சுட்டு லைப்ரரில ஒவ்வொண்ணா எடுத்துப் படிச்சுப் பாத்துடுவேன், அடுத்த நவம்பர்ல கடைக்குப் போறப்ப எது யாருக்குன்னு கைல ரெடியா இருக்கும்.